குளோரின் அறையில் நான் செய்யாத வீரச்செயல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் பார்வைக்கு,

நீச்சல் சங்கத்தின் அலுவலகப் பொறுப்பாளர் பணிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சகத்தில் மைக்கும் மண்ணெண்ணெய்க்கும் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நானும் நலம்தான் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பதால் அப்படி எழுத முடியவில்லை. எனக்கு இன்னும் இருமல் இருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் பின்வாசல் வழியாக வெளியே போய் நிற்கிறேன். இதற்குக் காரணம் பாதி அந்த வாயு, மீதி தாங்கள்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில், "நச்சுப் புகைக்குள் பாய்ந்து நண்பரை மீட்ட மாவீரர்" என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம். படத்தில் இருக்கும் சட்டை என்னுடையது. வழுக்கையும் என்னுடையதுதான். ஆனால் அந்தக் கொட்டை எழுத்துக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. "தன் உயிரைத் துச்சமாக மதித்து" என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். ஐயா, என் உயிரை நான் ஒருநாளும் அப்படி மதித்தது கிடையாது. அதன்மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை உண்டு. சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார மாட்டேன். நீச்சல் குளத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அந்தத் தண்ணீரில் இன்றுவரை கால் நனைத்ததில்லை. குளத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேஜையும் ஒரு கண்ணாடி ஜன்னலும் எப்போதும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்து மாவீரன் என்று அச்சடித்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் குளத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்க இரண்டு சரக்குகள் வேண்டும். ஒன்று கிருமியைக் கொல்லும் குளோரின் திரவம், நீலப் பீப்பாயில் வரும். இன்னொன்று தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும் ஆசிட், வெள்ளைக் கேனில் வரும். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். ஒன்றின்மேல் ஒன்று சிந்திவிட்டால் ஒரு வாயு கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவன் பிழைப்பது அவனவன் தலையெழுத்து. இப்படிப்பட்ட பொருள்களை எங்கே வைப்பது, எப்படி வைப்பது, சிந்தினால் என்ன செய்வது என்று வட்டார நிர்வாகம் எல்லோருக்கும் விதிகள் அனுப்பியிருந்தது. இரண்டையும் ஒரே அறையில் வைக்காதே. மூடியைச் சரிபார். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதே. சிந்தினால் தண்ணீர் ஊற்றாதே, துடைக்கப் போகாதே, முகமூடியும் பயிற்சியும் இல்லாமல் உள்ளே நுழையாதே, காற்று வீசிவரும் திசையைப் பார்த்து மேடான இடத்துக்குப் போ, தீயணைப்புக்குச் சொல். சங்கத்தில் அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். கடமை உணர்ச்சியால் படிக்கவில்லை. பயத்தால் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் கூடியது, கூடியதால் திரும்பவும் படித்தேன். குளோரினுக்கு ஓர் அறை, ஆசிட்டுக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இன்னோர் அறை என்று பிரித்து வைத்தேன். விதிகளைப் பெரிதாக எழுதிக் குளோரின் அறை வாசலில் ஒட்டியும் வைத்தேன்.

எங்கள் சங்கச் செயலாளர் அருமையான மனிதர். அவருடைய மனைவி வீட்டுக்குப் புது சோபா வாங்கினார். பழைய சோபாவைத் தூக்கிப் போடச் செயலாளருக்கு மனம் வரவில்லை. போட்டிகளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் வேறு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் கொண்டுவந்து ஆசிட் அறையில் திணித்துப் பூட்டிவிட்டார். அடுத்த லோடு ஆசிட் வந்தால் குளோரின் அறையிலேயே இறக்கும்படி வண்டிக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். எனக்கு மயக்கம் வராத குறை. அவர் முன்னால் போய் நின்று, உள்ளதில் தைரியமான குரலை எடுத்துச் சொன்னேன்.

"ஐயா, ரெண்டையும் ஒரே ரூம்ல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஏன், ரெண்டும் சண்டை போட்டுக்குமா?"

"ஆமாங்க ஐயா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்க ஒருத்தர் இருந்தா போதும்யா, குளத்துல தண்ணி இருக்கறதே ஆபத்துன்னு சொல்லிடுவீங்க" என்றார். அதையும் நான் பலமுறை நினைத்ததுண்டு. போகிற போக்கில், வாசலில் நான் ஒட்டியிருந்த விதிகளையும் கிழித்துக்கொண்டு போனார். வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். பயப்படத்தானே ஐயா ஒட்டினேன்?

சம்பவம் நடந்தது பெண்கள் வகுப்பு நடக்கும் காலை நேரம். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற நடுத்தர வயதுப் பெண்களும் கொஞ்சம் மூத்தவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனபிறகு, "நான் நீச்சல் கத்துக்கணும்" என்று ஒருநாள் சொன்னாள், மறுநாளே சேர்ந்துவிட்டாள். அவள் தண்ணீரில் மல்லாந்து மிதப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். வகுப்பெடுப்பவர் எங்கள் மாஸ்டர். ஊரே அவரைத் திமிங்கலம் என்றுதான் கூப்பிடும். உடம்பும் அப்படி, மூச்சும் அப்படி. அவர் விசில் ஊதினால் என் மேஜைமேல் இருக்கும் கண்ணாடித் தம்ளர் அதிரும். பயம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லுக்குச் சங்கத்தில் தேவையான இருப்பு முழுவதும் என்னிடம்தான்.

முதலில் மூக்கில் ஏதோ குத்தியது. நிமிர்ந்து நடைபாதையைப் பார்த்தேன். கடைசியில் இருந்த குளோரின் அறையின் கதவிடுக்கு வழியாக, பச்சையும் மஞ்சளுமாக ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புகை என்றால் மேலே போகும். இது போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பாம்பு எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோல் சுவரை ஒட்டி வந்தது. மேலே அடுக்கியிருந்த ஆசிட் கேன் ஒன்று சரிந்து, மூடி கழன்று, குளோரின் பீப்பாய் கசிந்து தேங்கியிருந்த இடத்தில் ஓடியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. விதி, திசை, மேடு எல்லாம் மறந்துபோயின. ஞாபகம் இருந்தது கால் மட்டும்தான். எழுந்து ஓடினேன்.

எப்படி ஓடினேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வாயில் வார்த்தை எதுவும் வரவில்லை. "ஆ" என்ற ஓர் எழுத்து மட்டும் நீளமாக வந்துகொண்டிருந்தது. அறைக்கு எந்தப் பக்கம் தூரமோ அந்தப் பக்கமாக, குளத்தின் ஓரத்திலேயே ஓடினேன். தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வராத மனிதன் ஈரத் தரையில் வழுக்கி வழுக்கிக் கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும், தண்ணீரில் இருந்த பெண்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறி, கிடைத்த துண்டைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்துவிட்டார்கள். பின்வாசல் வழியாக எல்லோரும் மேட்டில் இருக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். காற்று எங்களைத் தாண்டிக் கட்டடத்தின் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. நானாகத் தேர்ந்தெடுத்த இடம் இல்லை ஐயா. பயம் இழுத்துப் போன இடம். தங்கள் நிருபர் இதை "சமயோசிதமாகப் பெண்களை வழிநடத்தி" என்று எழுதியிருக்கிறார். நான் யாரையும் வழிநடத்தவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் மட்டும் எதிர்ப்பக்கம் போனார். நான் அவரைக் கடந்து ஓடும்போது, "ஏன் சார் கத்தறீங்க? ஒரு கேன் சாஞ்சிருக்கும். நிமித்தி வச்சிட்டு வந்துடறேன்" என்றார். ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஏதோ பந்து எடுக்கப் போகிறவர்போல நடந்து போனார். போகாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் இருந்த "ஆ" அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இனிமேல்தான் தங்கள் மாவீரர் வருகிறார். மேட்டில் நின்றபிறகு பார்த்தால் என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகம் தண்ணீர் கொட்டிய கோலம் மாதிரி. அந்த நேரம் பார்த்து யாரோ, "காத்து திரும்புது, இங்க வருது" என்றார்கள். அவ்வளவுதான். எதிரே இருட்டாக ஒரு செவ்வகம் தெரிந்தது. தெருவுக்குப் போகும் வாசல் என்று நினைத்து அதற்குள் பாய்ந்தேன். அது தெரு வாசல் இல்லை. நடைபாதையின் பக்கக் கதவு. நான் வெளியே ஓடுவதாக நினைத்து உள்ளே ஓடியிருக்கிறேன்.

உள்ளே எப்படி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கண்ணில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. மூச்சை இழுத்தால் உள்ளே போவது காற்று இல்லை, ரம்பம். திரும்பலாம் என்றால் எது வந்த பக்கம் என்று தெரியவில்லை. அப்போது கால் எதிலோ தட்டியது. மெத்தென்று, பெரிதாக, சூடாக இருந்தது. அது மாஸ்டர். தவழ்ந்து வர முயன்று முடியாமல் கிடந்திருக்கிறார். கிடந்தவர் என் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓட எவ்வளவோ முயன்றேன். கொக்கி சிக்கிக்கொண்டது. அவரும் விடவில்லை. ஆகவே வேறு வழியில்லாமல் அவரோடு சேர்த்து ஓடினேன். அவ்வளவு பெரிய உடம்பை நான் எப்படி இழுத்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயந்தவனுக்கு வருகிற பலம் பயில்வானுக்கு வராது. எங்கோ வெளிச்சம் தெரிந்தது, அதைப் பார்த்து இழுத்தேன். அந்த வாசலில்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். என் கை அவர் கழுத்தை அணைத்திருப்பதாகப் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். அந்தக் கை அவரைப் பிய்த்து எடுக்கப் பார்க்கிறது ஐயா. உற்றுப் பார்த்தால் தெரியும்.

வெளியே வந்து விழுந்தோம். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில், வாயிலும் மூக்கிலும் முகமூடியோடு கிடந்தேன். பக்கத்தில் என் மனைவி, ஈரத் தலையோடு. அவளைப் பார்த்த பிறகுதான் நான் செத்துப்போகவில்லை என்று நம்பினேன்.

மறுநாள் தீயணைப்பு அதிகாரி வந்தார். கறாரான பெண்மணி. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"முதல்ல ஓடினது யாரு?"

"நான்தாங்க மேடம்" என்றேன், தண்டனை எவ்வளவு வருமோ என்று பயந்துகொண்டே.

"நல்ல காரியம் பண்ணீங்க. நீங்க அப்படி ஓடலேன்னா அந்த அம்மாங்க யாரும் தண்ணியை விட்டு ஏறியிருக்க மாட்டாங்க. அந்த வாயு கனமானது. தண்ணி மட்டத்துக்குத்தான் வந்து படுக்கும். தலையை மட்டும் வெளியில வச்சுக்கிட்டு நிக்கறவங்க மூக்கு எங்க இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்தேன். மல்லாந்து மிதக்கும் என் மனைவியின் முகம் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, ரெண்டாவது எதுக்கு உள்ள போனீங்க?"

"வெளிய போறதா நெனச்சுப் போனேன் மேடம்."

அவர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, "மாஸ்டர் ஈரத்துணியை நம்பிப் போனார். ஈரத்துணி இதுக்கு நிக்காது. உள்ள போய்த் தவழ்ந்திருக்கார். சாதாரணப் புகையில தவழணும், இதுல தவழ்ந்தா நேரா அதுக்கு வாயைத் திறந்து வைக்கற மாதிரி. தைரியமா உள்ள போறவங்களைத்தான் நாங்க அடிக்கடி தூக்கிட்டு வர்றோம். பயந்தவங்களைத் தூக்க வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இதைத் தங்கள் நிருபரிடமும் சொன்னதாகச் சொன்னார். தங்கள் பத்திரிகையில் இதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மாஸ்டர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். தேறிவிடுவார், நாளாகும் என்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. காகிதம் உரசுவதுபோலப் பேசினார். "சார், நீங்க மட்டும் வரலேன்னா" என்று ஆரம்பித்தார். நான் இடைமறித்து, வாரைப் பற்றியும் கொக்கியைப் பற்றியும் உள்ளதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார். படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு விசில் ஊத முடியாத திமிங்கலத்தை எப்படி ஐயா பார்ப்பது?

இத்தனைக்கும் நடுவில் தங்கள் செய்தி செய்கிற வேலையைக் கேளுங்கள். எதிர்வீட்டு மெக்கானிக் ஒரு பழைய தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதுல என்ன இருக்குன்னு தெரியல, மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று மூக்குக்குப் பக்கத்தில் நீட்டுகிறார். மாடிவீட்டு அம்மா சமையல் கேஸ் வாசனை வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார். "அடுப்பை மூடுங்க, சுவிட்சைத் தொடாதீங்க, ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வாங்க" என்று படிக்குக் கீழேயிருந்து கத்திவிட்டு, நான் தெருமுனைவரை ஓடிப்போய் நின்றுகொண்டேன். அவர் பத்திரமாக இறங்கி வந்து, "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். வட்டார நிர்வாகம் கசிவு மீட்புத் தொண்டர் குழு ஒன்று அமைக்கிறதாம், அதற்கு நான்தான் தலைவராம். செயலாளரோ, நான் விதிகளை ஒட்டியிருந்த அதே வாசலில் தங்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார். "விதியெல்லாம் யாருய்யா படிக்கறா? உங்க படத்தைப் பாத்தா நாலு பேருக்குத் தைரியம் வரும்" என்கிறார்.

அந்தத் தைரியம்தான் ஐயா எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று வெல்டிங் கடைக்காரர் ஒருவர் என் கையைக் குலுக்கிச் சொன்னார்: "எங்க கடையில அப்படி ஏதாவது ஆச்சுன்னா நானும் உங்களை மாதிரித்தாங்க. துணியை நனைச்சுக் கட்டிக்கிட்டு நேரா உள்ள." அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் முகத்தில் மாஸ்டரின் முகம் தெரிந்தது. கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, அதே இடத்தில், அதே கொட்டை எழுத்தில், கீழ்க்கண்டவாறு மறுப்பு வெளியிட வேண்டுகிறேன்: படத்தில் உள்ளவர் வீரர் அல்ல. அவர் முதலில் ஓடினார், அது சரி. பிறகு கண் தெரியாமல் உள்ளே போனார், அது தவறு. அவர் எவரையும் மீட்கவில்லை. எவரும் அவரைப்போல் செய்ய வேண்டாம். ஆசிட்டையும் குளோரினையும் தனித்தனி அறைகளில் வைக்கவும். சிந்தினால் ஓடவும். வெட்கப்படாமல் ஓடவும்.

தங்கள் அலுவலகத்தின் எல்லாக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், எதுவும் கசியாமல் இருக்கட்டும், தாங்களும் தங்கள் மக்களும் நல்ல காற்றைச் சுவாசித்து நெடுநாள் வாழட்டும் என்று வாழ்த்தி விடைபெறும்,

தங்கள் உண்மையுள்ள,
பயந்த சுபாவம் கொண்ட
நீச்சல் சங்க அலுவலகப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்று இதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள். படித்துவிட்டு, "மீதி எங்க?" என்றாள்.

"எந்த மீதி?" என்றேன்.

"வெளிய வந்து மாஸ்டரோட விழுந்தீங்கல்ல, அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரிதானே."

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். "நான் அப்ப அங்க இல்ல. எதிர்க்கடையில தீயணைப்புக்குப் போன் பண்ணப் போயிருந்தேன். திரும்பி வந்தா, நீங்க எழுந்து நிக்கறீங்க. யாரோ உங்க கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டிருக்காங்க. துண்டு போத்திக்கிட்டு நின்னவங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டே போனீங்க. அப்புறம் என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு மறுபடியும் அந்தக் கதவுக்குள்ள போயிட்டீங்க. நான் ஓடிவந்து காலரைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். அப்பத்தான் மயங்கினீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கல்யாணம் ஆனதுலேருந்து 'இந்தாம்மா'தான். உங்க வாயால என் பேரை நான் அன்னைக்குத்தான் கேட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை ஐயா. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆகவே மேலே உள்ள மறுப்பை வெளியிட வேண்டாம், அது உண்மை அல்ல. தங்கள் செய்தியும் உண்மை அல்ல. விதிகளை மட்டும் பெரிதாகப் போடுங்கள். இவ்வளவு காலம் நான் நம்பியிருந்த ஒரே துணை என் பயம்தான். எது நடந்தாலும் அது என்னை வெளியே இழுத்துப் போய்விடும் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, கதவு எதுவென்று நன்றாகத் தெரிந்தே உள்ளே போயிருக்கிறேன் என்கிறாள். அடுத்த முறை நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று எனக்கே தெரியவில்லை.